10,000 மணி நேரம் பறந்தாலும் 13 தாள் எழுதித்தான் ஆக வேண்டும்

லண்டன் காட்விக் விமான நிலையத்தில் ஈசிஜெட் நிறுவனத்தின் ஆரஞ்சு வால் ஏர்பஸ்கள் வரிசையாக நிற்கும். தூரத்திலிருந்து பார்த்தால் எல்லாம் ஒன்றுதான். உடம்பின் பின்பக்கம் எழுதியிருக்கும் பதிவெண்ணைப் படித்தால்தான் வித்தியாசம் தெரியும். சிலவற்றில் அது 'ஜி' என்று தொடங்கும்; பிரிட்டன் பதிவு. சிலவற்றில் 'ஓஇ', ஆஸ்திரியப் பதிவு. பிரெக்ஸிட் வரப்போகிறது என்று தெரிந்ததும் அந்த நிறுவனம் 2017-ல் வியன்னாவில் தனியாக ஒரு கம்பெனி தொடங்கி, விமானங்களில் ஒரு பகுதியை அதன் பெயருக்கு மாற்றிவிட்டது. இப்போது பிரிட்டன் உரிமம் மட்டும் வைத்திருக்கும் கேப்டன், பக்கத்தில் நிற்கும் 'ஓஇ' விமானத்தில் ஏறி உட்கார்ந்தால் அவர் சட்டப்படி விமானியே இல்லை. அதே காக்பிட், அதே பொத்தான்கள், அதே சீருடை. ஆனாலும் ஐரோப்பிய உரிமமோ அங்கீகாரமோ இல்லாமல் ஓட்டக் கூடாது.

இது ஐரோப்பியர்களின் வீம்பு என்று நினைத்துவிட வேண்டாம். 1944-ல் சிகாகோவில் கையெழுத்தான சர்வதேச விமானப் போக்குவரத்து ஒப்பந்தத்திலேயே இருக்கும் விஷயம் இது. அதன் 32-வது பிரிவு, ஒரு விமானத்தை ஓட்டுகிறவரின் உரிமத்தை அந்த விமானம் பதிவாகியிருக்கும் நாடு வழங்கியிருக்க வேண்டும், அல்லது அந்த நாடு செல்லும் என்று ஏற்றிருக்க வேண்டும் என்கிறது. அப்படி வழங்கிய உரிமத்தை மற்ற நாடுகள் மதிக்க வேண்டும் என்கிறது 33-வது பிரிவு. அதனால்தான் 'விடி' என்று தொடங்கும் இந்தியப் பதிவு விமானத்தை இந்திய உரிமத்தோடு ஃபிராங்க்ஃபர்ட்டில் கொண்டுபோய் இறக்க முடிகிறது, யாரும் கேள்வி கேட்பதில்லை. அதே கேப்டன் மறுநாள் 'டி' என்று தொடங்கும் ஜெர்மன் பதிவு விமானத்தை ஓட்ட வேண்டுமென்றால் கதையே வேறு. எந்த வானத்தில் பறக்கிறோம் என்பது முக்கியமில்லை. எந்த நாட்டு விமானத்தில் பறக்கிறோம் என்பதுதான் கணக்கு.

சரி, ஐரோப்பிய உரிமத்தை யார் தருகிறார்கள்? ஜெர்மனியின் கொலோன் நகரத்தில் இருக்கும் ஐரோப்பிய விமானப் பாதுகாப்பு முகமைதான் தரும் என்று பலர் நினைக்கிறார்கள். விமானிகள் அதை ஈயாசா என்பார்கள். ஈயாசா விதிகளை வகுக்கும், நாடுகள் அவற்றைக் கடைப்பிடிக்கின்றனவா என்று பார்க்கும். விமானிக்கு உரிமம் எழுதிக் கொடுக்காது. அதைத் தருவது அந்தந்த நாட்டு விமானத் துறைதான். ஐரோப்பிய ஒன்றியத்தின் 27 நாடுகள், கூடவே நார்வே, ஐஸ்லாந்து, சுவிட்சர்லாந்து, லீக்டன்ஸ்டைன். இவற்றில் எந்த நாட்டில் வாங்கினாலும் மற்ற எல்லா நாட்டு விமானங்களுக்கும் அது செல்லும். அயர்லாந்தில் வாங்கிய உரிமத்தோடு ஹங்கேரி விமானத்தை ஓட்டலாம்.

ஆனால் ஒரு நாட்டைத் தேர்ந்தெடுத்த பிறகு, உரிமம் கைக்கு வரும் வரை அங்கேயே நிற்க வேண்டும். எல்லாத் தேர்வுகளையும் ஒரே நாட்டின் துறையிடம்தான் எழுத வேண்டும். நான்கு தாள் ஆஸ்திரியாவில், மீதி மால்டாவில் என்று பிரித்து எழுத முடியாது. மருத்துவக் கோப்பும் அந்த நாட்டிடம்தான் இருக்கும். ஆகவே முதல் விண்ணப்பம் போடும் முன்பே, எந்த நாட்டில் தேர்வுத் தேதி சீக்கிரம் கிடைக்கிறது, எங்கே கடிதத்துக்குப் பதில் வருகிறது என்றெல்லாம் ஏற்கெனவே போய்வந்தவர்களிடம் விசாரிப்பது நல்லது. விதி எல்லா நாட்டுக்கும் ஒன்றுதான், அலுவலகங்கள் ஒன்றில்லை.

வெளிநாட்டு உரிமத்தோடு வருகிறவருக்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று தற்காலிக அங்கீகாரம். சொந்த நாட்டு உரிமம் அப்படியே இருக்க, அதன்மேல் ஒரு சான்று கொடுத்து 12 மாதம் வரை ஓட்ட விடுவார்கள். நிரந்தர உரிமத்துக்கு விண்ணப்பித்தோ படித்துக்கொண்டோ இருந்தால் ஒரே ஒரு முறை நீட்டிப்பு கிடைக்கும். பெரிய விமானத்தில் கேப்டனாக இதில் வர, அந்த வகை விமானங்களில் கேப்டனாகவே 1,500 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். கோ-பைலட்டாக வருவதற்கும் 1,500 மணி நேர அனுபவம் கேட்கிறார்கள். இந்தியா வெளிநாட்டு விமானிகளை 'ஃபாட்டா' என்ற தற்காலிக அனுமதியில் வரவழைத்துப் பயன்படுத்துவதும் ஏறக்குறைய இதே வழிதான். ஆனால் ஐரோப்பாவில் இது அவசரத்துக்கு ஆள் தேவைப்படும் நிறுவனத்துக்கு உதவும் ஏற்பாடு. வாழ்க்கையை அங்கே அமைத்துக்கொள்ள நினைக்கிறவருக்கு ஒரு வருடத்தில் தரை தட்டிவிடும்.

இரண்டாவது வழி, முழு மாற்றம்; அதாவது சொந்த நாட்டு உரிமத்தை வைத்து நிரந்தர ஐரோப்பிய உரிமமே வாங்குவது. இந்தக் கட்டுரையின் விஷயமே இதுதான்.

இதில் பலருக்கும் கசப்பாக இருப்பது தேர்வுகள். பயணிகள் விமானத்தில் கேப்டனாவதற்கான ஏடிபிஎல் என்ற உரிமத்துக்கு ஐரோப்பாவில் 13 தாள்கள். விமானச் சட்டம், விமானத்தின் உடல்-இயந்திர அமைப்பு, கருவிகள், எடையும் சமநிலையும், செயல்திறன், பயணத் திட்டம், மனிதத் திறனும் வரம்பும், வானிலை, பொது வழிகாட்டல், ரேடியோ வழிகாட்டல், இயக்க நடைமுறை, பறத்தலின் கோட்பாடு, தகவல் தொடர்பு. ஒவ்வொன்றிலும் 75 சதவீதம் வேண்டும். முதல் தாள் எழுதிய மாதத்தின் முடிவிலிருந்து 18 மாதத்துக்குள் எல்லாம் முடிய வேண்டும். ஒரு தாளில் நான்கு முறை தவறினால், தேறிய தாள்களும் சேர்ந்து போய்விடும்; மறுபடி முதலிலிருந்து.

ஏற்கெனவே ஏடிபிஎல் வைத்திருக்கும் கேப்டனுக்கு இதில் ஒரு தாள்கூடத் தள்ளுபடி கிடையாது. 200 மணி நேரம் பறந்த இளைஞனும் 10,000 மணி நேரம் பறந்த கேப்டனும் பக்கத்துப் பக்கத்து மேசையில் உட்கார்ந்து அதே கேள்விகளுக்குத்தான் பதில் எழுதுகிறார்கள்.

கேள்விகள் எப்படி இருக்கும்? பொது வழிகாட்டல் தாளில் வருகிற மாதிரிக் கணக்கு ஒன்றைப் பார்ப்போம். ஓஸ்லோவும் ஹெல்சின்கியும் ஏறத்தாழ ஒரே அட்சரேகையில், 60 பாகை வடக்கில் இருக்கின்றன. தீர்க்கரேகையில் சுமார் 14 பாகை வித்தியாசம். அட்சரேகையை ஒட்டியே பறந்தால் தூரம் எவ்வளவு? நிலநடுக்கோட்டில் ஒரு பாகைக்கு 60 கடல் மைல், ஆக 14 பாகைக்கு 840. வடக்கே போகப் போக தீர்க்கரேகைகள் ஒன்றையொன்று நெருங்குவதால் அட்சரேகையின் கோசைனால் பெருக்க வேண்டும். 60 பாகையின் கோசைன் அரை. விடை 420 கடல் மைல். இது சுலபமான கேள்வி. இதற்கு அடுத்த படியில், இரண்டு ஊர்களுக்கும் இடையிலான மிகக் குறுகிய பாதையில் புறப்படும்போது திசை எத்தனை பாகை, சேரும்போது எத்தனை பாகை என்று கேட்பார்கள்.

பதினைந்து வருடமாக ஏர்பஸ் ஓட்டும் ஒருவர் இதைக் கையால் போட்டுப் பார்த்து எவ்வளவு காலம் ஆகியிருக்கும்? விமானத்தின் கணினி இதைக் கண்ணிமைக்கும் நேரத்தில் போட்டுக் கொடுக்கிறது. சிபிஎல் என்ற வணிக விமானி உரிமத்துக்குப் படித்த காலத்தில் போட்டது, அதோடு சரி. அனுபவம் கூடக் கூட இந்த மாதிரிப் பாடங்கள் விலகிப் போகும் என்பதுதான் நிஜம். அதனால் இந்தத் தேர்வில் பழைய கேப்டன்களைவிட, நேற்று பள்ளியை விட்டு வந்த பையன்களுக்கே கை ஓடுகிறது. வேலைக்குப் போய்க்கொண்டே படிக்கிறவர்களுக்கு ஆறு மாதத்திலிருந்து ஒரு வருடம் வரை ஆகும். பெரும்பாலானோர் பாடப் புத்தகத்தைவிட, இணையத்தில் சந்தா கட்டிப் படிக்கும் கேள்வி வங்கிகளையே நம்பியிருக்கிறார்கள். ஆயிரக்கணக்கான கேள்விகளைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பழகுவதுதான் அங்கே படிப்பு. இது விமானியின் அறிவைச் சோதிக்கிறதா, பொறுமையைச் சோதிக்கிறதா என்று கேட்டால், இரண்டாவதற்குத்தான் என் ஓட்டு.

அப்படியானால் ஐரோப்பா ஏன் பிடிவாதமாக நிற்கிறது? ஒரு பக்கம் நியாயமான பயம். 2020 மே 22 அன்று கராச்சியில் பாகிஸ்தான் இன்டர்நேஷனல் ஏர்லைன்ஸ் விமானம் ஒன்று குடியிருப்புப் பகுதியில் விழுந்தது. அடுத்த மாதமே அந்நாட்டு விமானத் துறை அமைச்சர், 860 விமானிகளில் 262 பேரின் உரிமங்கள் சந்தேகத்துக்குரியவை, தேர்வை அவர்களே எழுதவில்லை என்று நாடாளுமன்றத்தில் சொன்னார். அவர்களில் பெரும்பாலோரின் உரிமம் சரியானதுதான் என்று பின்னால் அங்கேயே சொல்லப்பட்டது. அதற்குள் உலகம் முழுவதும் பாகிஸ்தான் விமானிகள் பலர் பறக்க விடாமல் நிறுத்தப்பட்டுவிட்டார்கள். ஈயாசா 2020 ஜூலையில் அந்த நிறுவனம் ஐரோப்பாவுக்குப் பறக்கத் தடை போட்டது. தடை நீங்கியது 2024 நவம்பரில்தான். நாமும் ரொம்பப் பெருமைப்பட வேண்டியதில்லை. போலி மதிப்பெண் பட்டியல் கொடுத்து உரிமம் வாங்கிய விமானிகள் 2011-ல் இந்தியாவிலும் கைதானார்கள். இன்று விண்ணப்பதாரர் கொடுக்கும் நகலை எந்த ஐரோப்பியத் துறையும் அப்படியே நம்புவதில்லை. உரிமம் அசல்தானா என்று அதை வழங்கிய துறையிடமே கேட்டு உறுதிசெய்துகொள்கிறது. இந்தியர் என்றால் டெல்லியில் இருக்கும் டிஜிசிஏ என்ற இந்திய விமானத் துறையிலிருந்து பதில் போக வேண்டும். அந்தப் பதில் வரும் வரை கோப்பு நகராது.

ஆனால் பயம் மட்டுமே காரணம் என்று சொன்னால் அமெரிக்கா கணக்கில் உதைக்கும். அமெரிக்க ஏடிபி உரிமத்துக்கு எழுத்துத் தேர்வு ஒன்றே ஒன்றுதான். அந்த உரிமத்தோடு லட்சக்கணக்கான மணி நேரம் பத்திரமாகப் பறந்துகொண்டிருக்கிறார்கள். அமெரிக்க விமானத் துறையை யாரும் போலி என்று சொல்ல முடியாது. ஆனாலும் அமெரிக்கக் கேப்டன் ஐரோப்பாவுக்கு வந்தால் அவருக்கும் அதே 13 தாள்தான். இரு தரப்புக்கும் இடையே 2020 நவம்பரில் நடைமுறைக்கு வந்த உரிம ஒப்பந்தம் சம்பளம் வாங்காமல் சொந்தத்துக்கு ஓட்டும் தனியார் விமானிகளுக்கு மட்டும்தான் வழியைச் சுலபமாக்கியது. சம்பளத்துக்கு ஓட்டுகிறவர்களைத் தொடவே இல்லை. ஆக, பாதுகாப்பு என்ற பெயரில் வேலைச் சந்தைக்கு ஒரு வேலியும் சேர்ந்து நிற்கிறது. வேலி போடுவதற்காக இந்த விதியை எழுதினார்கள் என்று நான் சொல்ல மாட்டேன். வேலியாகப் பயன்படுகிறது என்பது மட்டும் உறுதி.

அந்த வேலியின் உயரம் பிரிட்டிஷ்காரர்களுக்கு 2021 ஜனவரி 1 அன்று காலையில் தெரிந்தது. அதற்கு முந்தைய நாள் வரை அவர்கள் எழுதியதும் இதே ஐரோப்பியத் தேர்வுதான், கையில் இருந்ததும் ஐரோப்பிய உரிமம்தான். பிரிட்டன் ஈயாசாவை விட்டு வெளியேறியதும் அவர்களும் மூன்றாம் நாட்டவர் ஆனார்கள். விவரம் தெரிந்தவர்கள் 2020 முடிவதற்குள் உரிமத்தை அயர்லாந்துக்கோ ஆஸ்திரியாவுக்கோ மாற்றிக்கொண்டார்கள். ஐரோப்பிய நாடுகளுக்குள் மாற்றுவது வெறும் காகித வேலைதான், தேர்வு கிடையாது. பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தவர்கள் மறுபடி முதல் தாளிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதாயிற்று. பிரிட்டன் தன் பங்குக்கு ஐரோப்பிய உரிமங்களை 2022 டிசம்பர் வரை ஏற்றுக்கொண்டது. எதிர்ப்பக்கத்திலிருந்து அந்த மரியாதை திரும்ப வரவில்லை. இப்போது பிரிட்டனில் படிக்கும் மாணவர்களில் பலர் இரண்டு உரிமமும் கையில் இருக்கட்டும் என்று இரண்டு துறைக்கும் தனித்தனியாக 13 தாள், ஆக 26 தாள் எழுதுகிறார்கள். பாடத்திட்டம் ஏறக்குறைய ஒன்றேதான்.

இதுவரை சொன்னது படிப்பைப் பற்றி. பறந்த அனுபவத்தை ஐரோப்பா தாராளமாகவே கணக்கில் எடுத்துக்கொள்கிறது. எல்லாரும் கவனமாகப் படிக்க வேண்டிய இடம் இதுதான். ஏடிபிஎல் அனுபவ நிபந்தனைகளை ஏற்கெனவே நிறைவு செய்தவருக்கு, அதாவது மொத்தம் 1,500 மணி நேரம், அதில் இரு விமானிகள் ஓட்டும் முறையில் 500, இரவில் 100 என்று போகும் பட்டியலை முடித்தவருக்கு, பயிற்சி வகுப்பு முழுவதையும் தள்ளுபடி செய்யலாம். புதிதாகப் படிக்கிறவருக்கு 650 மணி நேரம் ஆகும் கோட்பாட்டு வகுப்பு இவருக்கு வேண்டாம். நேராகத் தேர்வு எழுதலாம், அதன்பின் நேராக சிமுலேட்டர் சோதனைக்குப் போகலாம். ஒரே ஒரு நிபந்தனை: சோதனை நடக்கும் விமான வகையை ஓட்டும் தகுதி, அதாவது டைப் ரேட்டிங், அவருடைய சொந்த நாட்டு உரிமத்தில் உயிரோடு இருக்க வேண்டும். அந்த ரேட்டிங்கை ஐரோப்பிய உரிமத்துக்குக் கொண்டுபோக, அதே வகை விமானத்தில் 500 மணி நேரம் பறந்திருக்க வேண்டும், தொடர்ந்து பறந்துகொண்டும் இருக்க வேண்டும்.

பலர் விழும் பள்ளம் இங்கேதான் இருக்கிறது. ஐரோப்பாவுக்குப் போவது என்று முடிவெடுத்ததும் வேலையை விட்டுவிட்டு முழு நேரமாகப் படிக்க உட்கார்ந்துவிடுகிறார்கள். தேர்வுகள் முடிய ஒரு வருடம். அதற்குள் ஆறு மாதத்துக்கு ஒரு முறை வரும் சிமுலேட்டர் செக் தவறிப்போகும், ரேட்டிங் காலாவதியாகும். 13 தாளும் தேறிய பிறகு, பயிற்சிப் பள்ளியில் பணம் கட்டி ரேட்டிங்குக்கு மறுபடி உயிர் கொடுக்க வேண்டும். ஜெட் ஏர்வேஸ் 2019 ஏப்ரலில் நின்றபோதும், கோ ஃபர்ஸ்ட் 2023 மே மாதத்தில் திவால் மனு போட்டபோதும் வெளிநாட்டை நோக்கித் திரும்பிய விமானிகளுக்கு இந்தச் சிக்கல் தானாகவே வந்து சேர்ந்தது. அவர்கள் விரும்பியா வேலையை விட்டார்கள்? வேலையில் இருக்கிறவர்களுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. டிஜிசிஏ 2017-ல் கொண்டுவந்த விதிப்படி கேப்டன் வேலையை விட 12 மாத நோட்டீஸ், கோ-பைலட்டுக்கு 6 மாதம். எல்லாரும் திட்டும் விதிதான். ஐரோப்பியத் தேர்வுக்குப் படிக்கிறவருக்கு மட்டும், சம்பளமும் வாங்கிக்கொண்டு ரேட்டிங்கையும் காப்பாற்றிக்கொண்டு படிக்க அதில் ஒரு வசதி இருக்கிறது.

சிமுலேட்டர் சோதனையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. புறப்படும் வேகத்தில் ஒரு இன்ஜின் போவது, ஓடுபாதையிலேயே நிறுத்துவது, ஒற்றை இன்ஜினில் இறங்கப் போய் மறுபடி மேலேறுவது. வருடத்துக்கு இரண்டு முறை செய்து பழகியவைதான். சிமுலேட்டரும் சோதிக்கிறவரும் ஐரோப்பிய அங்கீகாரம் பெற்றிருக்க வேண்டும், அவ்வளவுதான். ஆங்கிலத் திறன் நான்காம் நிலைக்குக் குறையக் கூடாது. இந்திய விமானிகளுக்கு அது பெரிய விஷயமில்லை.

மெடிக்கலை மட்டும் லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. இந்தியாவில் வாங்கிய முதல் வகுப்பு மருத்துவச் சான்று அங்கே செல்லாது. ஐரோப்பிய அங்கீகாரம் பெற்ற விமான மருத்துவ மையத்தில் முதலிலிருந்து பார்க்க வேண்டும். முதல் முறை பார்க்கும்போது கண், காது, இதயம் எல்லாமே கூடுதல் கண்டிப்போடு பார்க்கப்படும். மனநல மதிப்பீடும் போதைப்பொருள் சோதனையும் அதில் சேர்த்தி. 2015 மார்ச் 24 அன்று ஜெர்மன்விங்ஸ் கோ-பைலட் ஒருவர் 150 உயிர்களோடு ஆல்ப்ஸ் மலையில் விமானத்தை மோதிய பிறகு இந்தப் பகுதி ரொம்பவே இறுகிவிட்டது. வருடக்கணக்கில் சொந்த நாட்டில் சலுகையோடு ஓடிக்கொண்டிருந்த ஒரு கண் பிரச்சினை, இங்கே முதல் நாளே கதவை மூடிவிடலாம். அதனால் தேர்வுக் கட்டணம் கட்டும் முன் மெடிக்கலை முடித்துவிடுவதுதான் புத்திசாலித்தனம். 13 தாளும் எழுதிவிட்டு மெடிக்கலில் நிற்கிறவரின் நிலையை நினைத்துப் பாருங்கள். வயதும் ஒரு கணக்கு. 60-க்கு மேல் இரண்டு விமானிகள் இருக்கும் விமானத்தில்தான் வணிகப் போக்குவரத்துக்கு ஓட்டலாம், 65-ல் அதுவும் முடிந்தது.

இவ்வளவும் முடித்தால் வேலை கிடைத்துவிடுமா? உரிமம் என்பது விமானத்தை ஓட்டும் அனுமதி. அந்த நாட்டில் சம்பளம் வாங்கும் அனுமதி இல்லை. ஐரோப்பிய நிறுவனங்களின் வேலை விளம்பரங்களைப் பாருங்கள். விமான மணி நேரம் கேட்கும் வரிக்குப் பக்கத்திலேயே, ஐரோப்பிய ஒன்றியத்தில் தடையின்றி வாழவும் வேலை செய்யவும் உரிமை இருக்க வேண்டும் என்ற வரியும் இருக்கும். ஆள் பற்றாக்குறை வரும் காலங்களில், குறிப்பாக அந்த விமான வகையில் அனுபவமுள்ள கேப்டன்களுக்கு, சில நிறுவனங்கள் விசாவுக்கு ஏற்பாடு செய்வதும் உண்டு. கோ-பைலட்டுக்கு அது அபூர்வம். இந்தியாவில் 2,000 மணி நேரம் பறந்த கோ-பைலட் ஒருவர் பணம் செலவழித்து எல்லாத் தாளும் எழுதி, உரிமத்தைக் கையில் வைத்துக்கொண்டு விசாவுக்காகக் காத்திருப்பது நடக்கக்கூடிய காரியம்தான்.

இதற்கு நேர் எதிரான கூட்டமும் இருக்கிறது. பாரிஸிலோ ஜெர்மனியிலோ பிறந்து வளர்ந்த நம் பிள்ளைகளில், செலவு குறையும் என்று அமெரிக்காவுக்கோ வேறு எங்கோ போய் சிபிஎல் வாங்கி வருகிறவர்கள். இவர்களுக்குப் பாஸ்போர்ட் பிரச்சினை கிடையாது, உரிமம்தான் பிரச்சினை. 200 சொச்சம் மணி நேரத்தோடு வருவதால், கேப்டனுக்குக் கிடைக்கும் அந்த முழுத் தள்ளுபடி இவர்களுக்குக் கிடையாது. எவ்வளவு பயிற்சியைக் கழிக்கலாம் என்று அங்கீகாரம் பெற்ற பயிற்சிப் பள்ளி பார்த்துப் பரிந்துரைக்கும், துறை முடிவு செய்யும். 13 தாள், சிபிஎல் சோதனை, கருவிகளை மட்டும் நம்பிப் பறக்கும் தகுதிக்கான சோதனை, இரு விமானிகள் சேர்ந்து இயங்கும் பயிற்சி, விமானம் நிலை தவறினால் மீட்கும் பயிற்சி என்று வரிசையாக நிற்கும். எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால், வெளிநாட்டில் மிச்சம் பிடித்த பணம் பெரும்பாலும் இங்கே கரைந்துவிடுகிறது. வேலை ஐரோப்பாவில்தான் என்று முடிவாக இருக்கிறவர் ஐரோப்பிய உரிமத்துக்கே நேராகப் படிப்பது பல சமயம் மலிவு.

உரிமம் மாறிய பிறகும் பழையதைத் தூக்கிப் போட வேண்டியதில்லை, இரண்டையும் வைத்துக்கொள்ளலாம். ஆனால் இரண்டுக்கும் தனித்தனி மெடிக்கல், தனித்தனி சோதனை, தனித்தனிக் கட்டணம். பலர் முதல் இரண்டு மூன்று வருடம் இந்தியாவில் இருப்பதையும் புதுப்பித்துக்கொண்டே வருகிறார்கள். அங்கே வேலை உறுதியாகி, குடும்பமும் போய்ச் சேர்ந்த பிறகு, ஒரு வருடம் அந்தப் புதுப்பித்தல் தேதி பேசாமல் கடந்து போய்விடுகிறது.